யார் வைத்த ரசம்

"சாமி, என் மகன் பொய் சொல்றான்."

மலையடிவாரத்து மடத்துக்குப் பல வருடங்களாக வந்துபோகிறவன் தணிகாசலம். அன்று கும்பிடக்கூட மறந்துவிட்டான்.

சாமி அடுப்பின் முன் உட்கார்ந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொய்?"

"நானும் அவளும் பிரிஞ்சதுலேருந்து அவனுக்கு ரெண்டு வீடு. என்கிட்ட வந்தா, அம்மா சமையலை வாயில வைக்க முடியலைங்கறான். அங்க போய், அப்பா வச்ச சோத்தைத் துப்பிட்டேன்னு சொல்றானாம்."

"சரி."

"நாளைக்குக் கோர்ட்டுல ஜட்ஜம்மா அவனையே கேக்கப்போறாங்க, யார்கூட இருக்க ஆசைன்னு. அங்கயும் பொய் சொன்னா எனக்குப் பிள்ளை இல்ல சாமி. நீங்கதான் அவனை உண்மை பேசவைக்கணும்."

"அம்மா சமையல் நல்லால்லன்னு அவன் சொன்னப்ப நீ என்ன பண்ணே?"

தணிகாசலம் தரையைப் பார்த்தான்.

"சிரிச்சேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்."

"அவ எப்படிச் சமைப்பா?"

"நல்லாத்தான் சமைப்பா."

சாமி ரசத்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். கொஞ்சம் யோசித்து, இன்னொரு கை போட்டார்.

"கூப்பிடு அவனை."

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்த நிகிலன் உள்ளே வந்தான். ஒன்பது வயது. சாமி டம்ளரில் ரசத்தை ஊற்றி, ஆற்றிக் கொடுத்தார்.

ஒரு மடக்குக் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. முகம் மட்டும் மாறவில்லை.

"எப்படிடா இருக்கு?"

நிகிலன் அப்பாவைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான்.

"யார் வச்சது?"

"அது எதுக்கு உனக்கு?"

"தெரியாம எப்படிச் சொல்றது?"

"டேய், உள்ளதைச் சொல்லுடா" என்றான் தணிகாசலம்.

"நீங்களாப்பா வச்சீங்க?"

"இல்லடா."

"அம்மா கொடுத்தனுப்பினாங்களா?"

"இல்ல."

"நான்தான் வச்சேன்" என்றார் சாமி.

"நீங்க யார் பக்கம்?"

"யார் பக்கமும் இல்ல."

நிகிலன் டம்ளரைக் கீழே வைத்தான். வாசலுக்கு ஓடினான்.

"தூ! ஒரே உப்பு! இதை மனுஷன் குடிப்பானா?"

துப்பினான். சிரித்தான். மறுபடியும் துப்பினான்.

தணிகாசலம் எழுந்துபோய் அவன் தோளைத் தட்டினான்.

"அப்படிச் சொல்லுடா என் சிங்கக்குட்டி! நாளைக்கு ஜட்ஜம்மாகிட்டயும் இதே மாதிரி பட்டுன்னு சொல்லிடணும், அப்பாகூடத்தான் இருப்பேன்னு. என்ன?"

சிரிப்பு நின்றது.

நிகிலன் திரும்பி வந்தான். டம்ளரை எடுத்தான். மிச்ச ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"நல்லாருக்குப்பா" என்றான்.