ராணி தைக்காமல் விட்ட கிழக்கு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். பேசிக்கொண்டார்களே தவிர, புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

குமுதவல்லி என்ற ராணியின் கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். அவள் கணவன் மாறவேள் படையோடு வெளியே காட்டில் இருந்தான். கோட்டைக்குள் மூன்று நாளைக்குத்தான் அரிசி இருந்தது. ராணி உள்ளங்கை அகலத் துணியொன்றை எடுத்து, கோட்டை மதிலைப் போல ஓரங்களில் பூ தைத்தாள். பூ இருந்தால் அந்தப் பக்கம் காவல்; வெறுந்துணியாக இருந்தால் வழி. இது அவளுக்கும் ராஜாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கிழக்கே காவல் இல்லை என்பதால் அந்த ஓரத்தை மட்டும் தைக்காமல் விட்டாள்; எது கிழக்கு என்று தெரிய, அதற்குச் சற்று உள்ளே ஒரு சின்னச் சூரியனைத் தைத்தாள்.

தனக்கு நூல் கோத்துக் கொடுக்கும் தையல்சிட்டைக் கூப்பிட்டாள்.

“இதை ராஜா கையில கொடுத்துடு.”

“இதுல என்னம்மா சொல்லியிருக்கீங்க?”

“அது உனக்கு வேண்டாம். பிடிபட்டா உன்னை வதைச்சுக் கேப்பாங்க.”

வழியில் ஒரு கிளையில் உட்கார்ந்து சிட்டு துணியை விரித்துப் பார்த்தது. சூரியன் இருந்த கிழக்கு ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தது. ‘பாவம், கவலையில விட்டுட்டாங்க. அரைகுறையா கொண்டுபோனா ராணியம்மாவுக்குத்தானே அசிங்கம்?’ என்று ஓரத்து நூலை உருவி, அலகாலேயே நாலு பூ தைத்துவிட்டது. அழகாகத்தான் தைத்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ராஜா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நாலு பக்கமும் காவலா? வராதேங்கிறாளா? அதைச் சொல்ல எதுக்குத் துணி அனுப்பணும்?”

தளபதிக்கும் ஒன்றும் புரியவில்லை. கொண்டுவந்த சிட்டைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழம்பிக்கொண்டே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்காம் நாள் சிட்டே பொறுக்கமாட்டாமல் கேட்டது. “கிழக்குப் பக்கம் நான் தைச்ச பூவைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?”

ராஜா படையோடு ஓடினான். கிழக்கே நுழைந்து பார்த்தால் எதிரியும் இல்லை, ராணியும் இல்லை. பட்டினி கிடந்த ஜனங்களை விட்டுவிடச் சொல்லி, அன்று காலைதான் அவள் தன்னை எதிரியிடம் ஒப்படைத்திருந்தாள். அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நல்லா தைச்சது தப்பாங்க?” என்று சிட்டு கேட்டது.

அன்று முதல்தான் தையல்சிட்டு இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிறது. எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்தாலும் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுகிறது, ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.