யானைக்குப் போட்ட மெத்தை

ஆற்றங்கரைக் காட்டு விலங்குகள் எல்லாம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டன. பக்கத்தில் இருந்த சீக்கியர் கோயிலான குருத்வாராவைப் பார்த்துக் கற்ற வழக்கம் அது. அங்கே அரசன் வந்தாலும் தெருக் கூட்டுபவர் வந்தாலும் ஒரே பந்திதான். தகராறு என்றால் சபை தேர்ந்தெடுத்த ஐவர் தீர்த்துவைப்பார்கள். காட்டிலும் அப்படியே.

அந்த வருடம் மழை இல்லை. யானை மட்டும் எங்கிருந்தோ பந்தியின் ரொட்டிக்குச் சோளம் கொண்டுவந்து கொட்டியது. பரிமாறும் நரிக்கு உடனே முதுகு வளைந்துவிட்டது.

"யானையாரே, நீங்கள் தரையில் உட்காரலாமா?" என்று குழைந்து, வைக்கோல் மெத்தை போட்டது.

எல்லா விலங்குகளும் பார்த்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு!

மறுநாள் யானை மெத்தையில் சாய்ந்துகொண்டு, "செத்ததைக் கொத்தும் காக்கை என் பக்கத்திலா? விரட்டு அதை!" என்றது.

காக்கைக்கு இரண்டு குஞ்சுகள். வறட்சியில் அந்த ஒருவேளை ரொட்டிதான் அவற்றின் உயிர். நரி கரண்டியை ஓங்கியது.

"புதருக்குப் பின்னால் போ! மிச்சம் இருந்தால் போடுகிறேன்!"

"செத்த மாட்டை நான் அகற்றாவிட்டால் இந்தக் காடே நாறும்! அதற்கு மட்டும் நான் வேண்டுமா?" என்று காக்கை கத்தியது. ஆனாலும் குஞ்சுகளோடு புதருக்குப் பின்னால் போனது. பசி அப்படி.

எருமைக்கு ரத்தம் கொதித்தது. தட்டோடு எழுந்து போய்க் காக்கையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நேற்றே கேட்டிருக்க வேண்டும், தங்கச்சி. வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, எனக்கு அறிவே இல்லை!"

மான் எழுந்தது. முயல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் பந்தி முழுவதும் புதருக்குப் பின்னால் இருந்தது.

"இனி ஒரு கதிர்கூடத் தரமாட்டேன்!" என்று யானை பிளிறியது.

"தராதே! உன் சோளத்துக்காக இவளைப் பட்டினி போட மாட்டோம்!" என்றது எருமை.

ஐவர் கூடிப் பேசினார்கள். அவர்கள் சார்பில் முள்ளம்பன்றி தீர்ப்புச் சொன்னது.

"யானையே, தரையில் உட்கார். முடியாதென்றால் கிளம்பு! நரியே, கரண்டியைக் கீழே வை. நாற்பது நாள் எல்லோருடைய எச்சில் தட்டையும் நீதான் கழுவ வேண்டும். காக்கையின் தட்டிலிருந்து ஆரம்பி!"

"மரியாதைக்காகத்தானே செய்தேன்!" என்று நரி முனகியது.

"குஞ்சுகளைப் பந்தியிலிருந்து விரட்டினாயே, அதுவும் மரியாதையா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

நரி கரண்டியைக் கீழே வைத்தது. யானை சோளத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. அன்று மிச்சமிருந்த மாவில் ஆளுக்கு அரை ரொட்டிதான் கிடைத்தது. காக்கைக் குஞ்சுகளுக்கும் அரை ரொட்டி, எருமைக்கும் அரை ரொட்டி.

ஒருவருக்கு மெத்தை போடும்போது வாய்மூடி இருப்பவர்கள், இன்னொருவரைப் பந்தியிலிருந்து விரட்டத் துணை போகிறார்கள்.