கத்திக்கு ஒரு பெர்மிட்

விளக்கு வைத்த பிறகு கொம்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து 'ணங் ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேய் என்றார்கள் சிலர். பேய் சுத்தியல் வைத்திருக்காது. மதுவிலக்குக் காவலர் மூவர் ஸ்பிரிட் அலமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி இறுக மூடியிருக்க வேண்டும் என்று உத்தரவு. பூட்டைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் திரேசம்மாள் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தொடையில் கட்டி, உடம்பெல்லாம் நெருப்பு. இப்போதே கீறாவிட்டால் விஷம் ஏறிவிடும் என்றார் கம்பவுண்டர் அருளப்பன்.

"ஏட்டையா, ஒரு அவுன்ஸ் ஸ்பிரிட் வேணும்."

"யார் குடிக்கிறது?" என்றார் ஏட்டு வேதமுத்து.

"யாரும் குடிக்கலை. கத்தியைக் கழுவணும்."

ஏட்டு ரூல் புத்தகத்தைப் புரட்டினார். "நோயாளிக்கு மட்டும்னு போட்டிருக்கு. கத்திக்கு என்ன நோய்?"

காவலர் சப்பாணி கத்தியை வாங்கிப் பார்த்தார். "ஓரத்துல துரு இருக்குங்கய்யா."

"அப்ப பெர்மிட் எழுது. பேரு, கத்தி. தகப்பன் பேரு?"

"கொல்லன்னு போடலாங்களா?"

"போடு. வயசு?"

"வாங்கி நாலு வருசமாச்சு" என்றார் கம்பவுண்டர், தலையில் கைவைத்தபடி.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "மைனர். மைனருக்குக் கொடுக்கக் கூடாது."

"ஐயா, எம்புள்ளை கண்ணைச் செருகுது" என்று அழுதாள் திரேசம்மாள். "அது பேருக்கே எழுதுங்க."

"அதுவும் மைனர்தானே?"

"அதுக்கு நிஜமாவே காய்ச்சல் இருக்குங்கய்யா" என்றார் மூன்றாமவர் குழந்தைசாமி. மூவரும் கூடி யோசித்து, காய்ச்சலுக்கு வயதில்லை என்று முடிவு செய்தார்கள். ரேகை வைக்கக் கேட்டபோது குழந்தை கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டது. தடயத்தை அழிக்கிறது என்று குழந்தைசாமி குறித்துக்கொண்டார்.

ஒருவழியாக ரேகை விழுந்தது. அடித்த ஆணிகளைப் பிடுங்கினார்கள். சரக்கு அசல்தானா என்று அதிகாரிகள் சோதிக்க வேண்டுமாம். மூவரும் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்ந்தார்கள். சந்தேகம் தீராமல் மீசையிலும் தடவிக்கொண்டார்கள். மிச்சம் சரியாக ஒரு அவுன்ஸ் கம்பவுண்டர் கைக்கு வந்தது.

கத்தி கழுவப்பட்டது. கட்டி கீறப்பட்டது. குழந்தை ஊரைக் கூட்டி அழுது, பிறகு தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது.

ஏட்டு அடுத்த பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்தது.

"யார் மேல வாடை வீசுதோ, அவனை உடனே அறையில அடைக்கணுமாம்."

மூவரும் ஒருவரை ஒருவர் முகர்ந்து பார்த்தார்கள்.

"உங்க மேலதான் கூடுதலா வீசுது ஏட்டையா."

"உன் மீசை மட்டும் என்ன, சாம்பிராணியா?"

ஒருவரையொருவர் முறைப்படி கைது செய்துகொண்டு, மருந்துப் பெட்டி வைக்கிற அறைக்குள் வரிசையாகப் போனார்கள்.

"வெளியே நான் பூட்டட்டுமா?" என்றார் கம்பவுண்டர்.

"நீ போலீசா? சும்மா இரு."

"அப்ப யாரு காவல்?" என்று உள்ளே கேட்டார் சப்பாணி.

"நான்தான். ஒருத்தன் தப்பிச்சாலும் என் வேலை போயிடும்" என்ற ஏட்டு, கைதிகள் மூவரும் ஓடிவிடாதபடி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளை இறுகப் போட்டார்.