குளிர்கடலுக்கு ஒரு ஜெர்கின்

துளசிமணி அக்கா அந்த மெரூன் ஜெர்கினையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். அக்குள் தையலை விரலால் நீவினார். ஜிப்பை ஏற்றி இறக்கினார். கைமடிப்பில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பர்ஸைத் திறந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒன்றை உரித்து, பிசிறைக் காட்டும்படி ஒட்டினார். பிறகு ஜெர்கினை ஏற்கெனவே ஒதுக்கியவற்றின் மேல் போட்டார்.

“இதுவும் ரிஜெக்டுங் தம்பி.”

என் கடையில் இருப்பது எல்லாமே ரிஜெக்ட்தான். வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் காதர்பேட்டையில் நாங்கள் விற்கிறோம். அது அவருக்குத் தெரியாததல்ல. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் மேசை முன்னால் பாதி ஆயுளை நின்றே கழித்தவர். அவர் ஒதுக்கியதை வாங்கி விற்றுத்தான் நான் இந்தக் கடையை நிமிர்த்தினேன் என்றுகூடச் சொல்லலாம். வேலையை விட்ட பிறகும் ஸ்டிக்கர் தாள் பர்ஸை விட்டு இறங்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் அவருடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். வெளியே மே மாத வெயில். தலைக்கு மேல் ஃபேன் சூடான காற்றை எடுத்துச் சூடாகவே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணனின் தலையில் கம்பளிக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், மூக்கு நுனியில் வியர்வை. அவருக்கு வேண்டியதெல்லாம் வந்தவுடனே முடிந்துவிட்டது. கைக்கு எது முதலில் பட்டதோ அதுதான் அளவு, அதுதான் கலர்.

மறுநாள் காலை கோயமுத்தூரில் விமானம். ஜெர்மனியில் இருக்கும் மகள், நார்வே பக்கம் போகும் உல்லாசக் கப்பலில் தன்னோடு சேர்த்து மூன்று பேருக்கும் இடம் போட்டிருந்தாள். கோடையென்றாலும் அந்தக் கடலில் குளிருமாம். பட்டும் பவிசும் வேண்டாம், சும்மா போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நிற்க அம்மாவுக்கு ஒரு ஜெர்கின், உள்ளே தெர்மல், ரெண்டு பேண்ட் போதும் என்று போனில் சொல்லியிருந்தாள். அக்கா கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். வெள்ளைக்காரிகளுக்கு ஆயுசு பூராவும் பேண்ட் பார்த்துப் பார்த்து அனுப்பியவர், ஒரு தடவைகூடத் தன் காலை அதற்குள் விட்டதில்லை.

“எதுவும் தேறலைங்க,” என்றார் புருஷனிடம். “நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் ஊட்லயே இருக்கறேன்.”

அண்ணன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தனியாகப் போகிற ஆள் இல்லை. எதிரில் இருக்கும் டீக்கடைக்குக்கூட, அக்கா பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைக் கடப்பார். அக்கா வீட்டில் இருந்தால் நாளைக்கு விமானத்தில் ரெண்டு பேருக்குப் பதிலாக ஆளே ஏறப்போவதில்லை. மகள் அங்கே தனியாகத்தான் கப்பல் பார்ப்பாள். அது அக்காவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “போன வாட்டி போனப்ப நான் இத்தன யோசிக்கவே இல்ல தம்பி.”

டீ கிளாஸோடு உள்ளே வந்த பக்கத்துக் கடை சென்னியப்பன் நின்றார். சாக்ஸ் கடை வைத்திருப்பவர். அண்ணனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்.

“எந்தப் போன வாட்டிங்ணா? நீங்க அவிநாசியத் தாண்டி நான் பார்த்ததே இல்லையே.”

“மஞ்சக்காமாலைன்னு ஒரு மாசம் நான் லீவு போட்டேனே, ஞாபகம் இருக்குதா? அது மஞ்சக்காமாலை இல்ல.”

கம்பெனிக்குத் துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருத்தன், அண்ணனைப் பிடித்துப்போய்க் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். குளிர்கடல். பெரிய கப்பல். எவ்வளவு பெரிசு என்று சென்னியப்பன் கேட்டார். முன்பக்கத்தில் ஏறினவர் பின்பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டு ஹாலுக்குப் போக டவுன் பஸ் விட்டிருந்தார்கள் என்றார் அண்ணன். கப்பலுக்குள்ளேயே ரெண்டு ஸ்டாப். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கும் வழக்கம் வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதை இவர்தான் சொல்லிக்கொடுத்தார். இறங்கும்போது கேப்டனே துண்டு போட ஆரம்பித்துவிட்டானாம்.

அக்கா அடுத்த ஜெர்கினை எடுத்தார். காலரைத் திருப்பினார்.

குளிர் எப்படி என்று நான் கேட்டேன். கேட்டது தப்புதான். கப்பலில் ஒரு டீ மாஸ்டர் இருந்தானாம், நம்ம பல்லடத்துக்காரன். முதல் நாள் காலையில் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆத்து ஆத்தினான். மேல் கிளாஸிலிருந்து கிளம்பின டீ, கீழ் கிளாஸுக்கு வந்து சேர்வதற்குள் கம்பியாக உறைந்துவிட்டது. மாஸ்டர் கையை எடுக்க முடியாமல் நின்றான்.

சென்னியப்பன் தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டார். “அப்பறம் அதை எப்படிங்ணா குடிச்சீங்க?”

“குடிக்கறதா? முறிச்சுக் கரும்பு மாதிரி கடிச்சுத் தின்னோம். சக்கரை கம்மியா வேணுங்கறவங்களுக்கு நுனித்துண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. கையிலிருந்த ஜெர்கினின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பக்கத் துணி சுருங்கியிருப்பதாகச் சொல்லி அம்பு ஒட்டினார். சேலைக்கு மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டால் ஆகாதா என்று பொதுவாகக் கேட்டார்.

ஆகாது என்றார் அண்ணன். மஃப்ளரால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் சொன்னார். அந்தப் பயணத்தில் பொள்ளாச்சிக்கார அம்மா ஒருத்தர் இருந்தார். பேண்ட் போடவே மாட்டேன் என்று கட்டின சேலையோடு மேல்தளத்துக்கு ஏறிவிட்டார். ஏறின மாத்திரத்தில் காற்று முந்தானைக்குள் புகுந்தது. முந்தானை ஆகாயத்தில் பாயாக விரிந்தது. அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். சேலை கப்பலைப் பிடித்துக்கொண்டது. கேப்டன் எஞ்ஜினை நிறுத்திப் பார்த்தான், நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் சேரவேண்டிய கப்பல் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் அப்போதுதான் எழுந்து துறைமுகத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கோலம்கூடப் போட்டிருக்கவில்லை.

“நார்வேலயா,” என்றார் சென்னியப்பன்.

“அப்ப போட்டுட்டு இருந்தாங்க. இப்ப ஸ்டிக்கர் கோலம் ஆயிருக்கும்.”

அதற்கப்புறம் அந்தக் கப்பலில் போர்டு மாட்டிவிட்டார்களாம்: சேலை கட்டியவர்கள் மேல்தளத்தில் நின்றால் கப்பலின் வேகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

“என்ன கலரு சேலைங்க?” என்று அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்.

அண்ணன் ஒரு கணம் திணறினார். மாம்பழக் கலர், பச்சை பார்டர் என்றார். அக்கா கடைக்குக் கட்டி வந்திருந்ததும் அதுதான். வேறெதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை போலிருக்கிறது.

அக்கா கருநீல டிராக் பேண்ட் ஒன்றை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். காலை விரித்துத் தையலை இழுத்துப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. எடுத்துக்கொள்வதாகவும் சொல்லவில்லை.

அதற்காக அளவுக்கு மீறியும் போடக்கூடாது என்று அண்ணன் எச்சரித்தார். குளிருக்குப் பயந்த ஒரு டென்மார்க்காரன், பெட்டியில் கொண்டுவந்த அத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டானாம். அப்புறம் உட்காரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சாயங்காலமானால் நாலு பேர் சேர்ந்து அவனைச் சாப்பாட்டு ஹாலுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருநாள் முதுகுக்குச் சூப் ஊட்டிவிட்டார்கள்.

“நீங்க என்னங்ணா போட்டிருந்தீங்க?”

“நானா? ஒத்த முண்டா பனியன். கெளம்பறப்ப கொள்ளு ரசம் குடிச்சுட்டுப் போயிருந்தேன்.”

அந்தச் சூடு தாங்காமல் கப்பலில் இருந்தவர்களெல்லாம் இவரைச் சுற்றி நின்று குளிர் காய ஆரம்பித்தார்களாம். பெண்கள் ஈரக் கையுறைகளை இவருடைய தோளில் காயப்போட்டார்கள். ரெண்டாம் நாள் கேப்டன் ஹீட்டர்களை நிறுத்திவிட்டு, நடு ஹாலில் ஒரு சேர் போட்டு இவரை உட்காரவைத்தான். ஒருநாள் இவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததில் ஒரு பக்கத்து அறைகளில் இருந்தவர்களுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது.

சென்னியப்பன் கிளாஸைக் கல்லாவின் மேல் வைத்தார். “அப்படியிருக்கறப்ப அக்காளுக்கு எதுக்குங்ணா ஜெர்கினு? உங்க பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டாப் போதுமே.”

அக்கா கையிலிருந்த டிராக் பேண்டை மெதுவாக மடித்தார். திருப்பி வைக்கிற மாதிரிதான் மடித்தார். சென்னியப்பன் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவருடைய கடைக்கு யாராவது சாக்ஸ் வாங்க வரக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

அண்ணன் அசரவில்லை. “அந்த ஒரே ட்ரிப்புல அத்தன சூட்டையும் வாங்கிப்போட்டானுக சென்னி. எறங்கறப்ப வெறும் ஆளாத்தான் எறங்குனேன். அன்னியிலிருந்துதான் மார்கழி வந்தா எனக்குக் காலு வெடிக்குது. வேணும்னா அவளக் கேட்டுப் பாரு.”

“காலு வெடிக்கறது நெசந்தானுங்,” என்றார் அக்கா.

சாட்சி கிடைத்ததும் அண்ணன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருநாள் காலை எதிரே ஒரு பனிமலை வந்ததாம். நம்ம சென்னிமலைக்கு வெள்ளையடித்துத் தண்ணீரில் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. கேப்டன் கப்பலை இடதுபக்கம் திருப்பினான், மலையும் திரும்பியது. வலதுபக்கம் திருப்பினான், அந்தப் பக்கமும் வந்தது. எல்லோரும் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இவருக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. அது மோத வரவில்லை. அது நடுங்கிக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் ஒரு பொட்டுத் துணி இல்லாமல் நிற்கிறது. கப்பலில் சூடான ஆள் ஒருத்தர் இருப்பது தெரிந்து கிட்டத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு ஸ்வெட்டர் போடுவதென்று முடிவாயிற்று. இஞ்ச் டேப்புகளையெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டு படகில் போய் நெஞ்சளவு எடுத்தார். காலையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினவர், அடுத்த முனையோடு திரும்பும்போது சாயங்காலம். நூலுக்குக் கப்பலில் இருந்தவர்களின் ஸ்வெட்டர்களையெல்லாம் பிரித்தார்கள். டென்மார்க்காரன் ஒருத்தனைப் பிரித்ததிலேயே மலையின் ஸ்வெட்டருக்குப் பாதி முதுகு வந்துவிட்டது. எஞ்ஜின் தண்டில் ஊசிகளைக் கட்டி, கப்பலையே ஒரு நிட்டிங் மெஷினாக இவர் மாற்றினார். கப்பல் மலையைச் சுற்றச் சுற்ற, துணி இறங்கிக்கொண்டே வந்தது. கழுத்து கொஞ்சம் இறுக்கம். கிரேனால் தலைவழியாக மாட்டி, எல்லோரும் தொங்கி இழுத்தார்கள். மாட்டின பிறகு மலை அசையாமல் நின்றதாம். தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்புறம் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டது.

 கேள்வி கேட்க எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. 

“செக்கிங் ஆரு பண்ணுனதுங்க?”

அக்கா முதல் தடவையாகத் தலையைத் தூக்கியிருந்தார்.

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். மஃப்ளர் நுனியைச் சுருட்டினார். இத்தனை நேரம் மலையும் கடலும் தடையில்லாமல் வந்தவருக்கு இந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

“செக்கிங் இல்ல,” என்றார் கடைசியில். “ஆளு இல்லாமப் போச்சு. அப்படியே மாட்டி உட்டுட்டோம்.”

“அப்படியேவா?”

“அதுதான் தப்பாப் போச்சு.”

மறுநாள் மத்தியானம் மலை திரும்பி வந்துவிட்டது என்றார். கப்பலுக்குப் பின்னாலேயே வந்தது. கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. அக்குளில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. அது வழியாகக் காற்றுப் போகிறதாம். கேப்டன் படுக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டான். இவர் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது கேட்பதாக இல்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. போகிற வருகிற கப்பலையெல்லாம் நிறுத்தி, செக்கிங் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறது.

“எறங்கறப்ப கேப்டன் என் கையப் புடிச்சுட்டுச் சொன்னான்,” என்றார் அண்ணன். சென்னியப்பனைப் பார்த்து ஆரம்பித்தவர் மடியில் இருந்த குல்லாவைப் பார்த்து முடித்தார். “அடுத்த வாட்டி வந்தீன்னா ஒரு நல்ல செக்கிங் ஆளோட வா. இல்லாட்டி வராதேன்னுட்டான்.”

 தெருவில் ஒரு டெம்போ பின்னால் வருவதற்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“மலைக்கு ஏதுங்க அக்குளு,” என்றார் அக்கா.

சென்னியப்பன் கிளாஸை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போனார். அண்ணன் குல்லாவை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஒரு தெர்மல் போதுமா, மாற்றுக்கு இன்னொன்று வேண்டுமா, தண்ணீரில் போட்டால் சுருங்குமா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். நான் அலமாரியிலிருந்து அவர் அளவில் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.

அக்கா ஒதுக்கின குவியலிலிருந்து மெரூன் ஜெர்கினை உருவினார். கைமடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறைப் பல்லால் கடித்து எடுத்தார். அம்புக்குறியை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, ஜெர்கினைக் கருநீல டிராக் பேண்டோடு சேர்த்துக் கல்லாவின் மேல் வைத்தார். அண்ணன் இன்னும் என்னிடம் சுருங்குவதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய சட்டைப் பாக்கெட்டில், முனை மேலே அவர் வாயைக் காட்டும்படி அம்புக்குறியை ஒட்டி, கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினார்.