முன்னால் போகிறவர்

"எனக்குப் பயம் விட்டுப்போச்சும்மா. அடுத்து என்ன செய்யணும்?" என்று செங்கமலத்திடம் கேட்டார் பூவராகன்.

கேட்டது கேள்வி மாதிரிதான் இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது பாராட்டு.

பூவராகனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு செங்கமலத்துக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. மற்ற சீடர்கள் பூவராகனைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதை ரசிப்பார்.

 செங்கமலம் சீடர்கள் எல்லோரையும் ஒரு சுண்ணாம்புக்கல் குகையைப் பார்க்க அழைத்துப் போனார்.

வழிகாட்டியின் பெயர் ஓபுலேசு. எல்லோர் தலையிலும் விளக்கு வைத்த ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

குகையின் நடுவில் ஒரு இடுக்கு வரும். ஒவ்வொருவராகத் தவழ்ந்துதான் போக முடியும். பாதி வழியில் இன்னொரு பொந்து பிரியும், அதில் போனால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் இடுக்கைக் கடந்தவர் அங்கேயே திரும்பி நின்று, பின்னால் வருகிறவருக்கு வெளிச்சம் காட்ட வேண்டும்.

"அவங்க தலை வெளிய வர்ற வரைக்கும் நகராதீங்க. நீங்க நகர்ந்துட்டா அவங்களுக்கு வழி தெரியாது," என்றார்.

ஓபுலேசு முதலில் போனார். சீடர்கள் வரிசையாகப் போனார்கள். கடைசிக்கு முன்னால் பூவராகன். கடைசியில் செங்கமலம்.

இடுக்குக்குள் பூவராகனின் முதுகில் பாறை இடித்தது. மார்பு தரையில் அழுந்தியது. மூச்சு வரவில்லை. இத்தனை காலம் தியானத்தில் உட்கார்ந்து பழகியதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

முழங்கை உரிய உரிய வெளியே வந்தார். தூரத்தில் மற்றவர்களின் விளக்குகள் தெரிந்தன. அந்தப் பக்கம் ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓபுலேசு அவரிடம், அம்மா எங்கே என்று கேட்டார்.

"வந்துட்டிருக்காங்க."

"வெளிச்சம் காட்டினீங்களா?"

"காட்டினேன்," என்றார் பூவராகன்.

ஓபுலேசு திரும்பி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து, பொந்துக்குள் சிக்கியிருந்த செங்கமலத்தை இழுத்துக்கொண்டு வந்தார். செங்கமலத்தின் முகமெல்லாம் சேறு. உதடு கிழிந்திருந்தது.

 எல்லோர் முன்னாலும் ஓபுலேசு செங்கமலத்தைத் திட்டித் தீர்த்தார். வெளிச்சம் காட்டியும் வேறு பக்கம் போவதற்கு இதென்ன விளையாட்டா என்று கேட்டார்.

"தப்புதான். மன்னிச்சுக்குங்க," என்றார் செங்கமலம்.

அவர் பூவராகன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சீடர் பூவராகனிடம் வந்து, நீங்கள் அவ்வளவு தூரம் வெளிச்சம் காட்டியும் இப்படி ஆகிவிட்டதே என்று ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். பூவராகன் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பயந்ததுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தான் வாங்க வேண்டிய திட்டை இன்னொருவர் வாங்கியபோது வாயை மூடிக்கொண்டு நின்றோமே, அதுதான் தாங்கவில்லை.

எழுந்து நின்றார்.

"நான் வெளிச்சம் காட்டல. அம்மாவை விட்டுட்டு ஓடிட்டேன். கேட்டப்ப பொய்யும் சொன்னேன்."

 ஆறுதல் சொன்ன சீடர் தரையைப் பார்த்தார்.

பூவராகன் செங்கமலத்தின் முன்னால் போய் நின்றார்.

"நான் கிளம்பறேம்மா. இனிமே உங்க முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

செங்கமலம் உதட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என் கண்ணாடி அந்தப் பொந்துல விழுந்துடுச்சு. எடுக்கணும்," என்றார்.

ஓபுலேசு உடனே எழுந்தார். தானே போய் எடுத்து வருவதாகச் சொன்னார். அம்மாவும் வந்துதான் ஆக வேண்டும் என்றால் தான் முன்னால் போவதாகவும், இந்த மனிதரை இனி உள்ளே விடுவதாக இல்லை என்றும் சொன்னார்.

"நீங்க எனக்குப் பின்னால வாங்க," என்றார் செங்கமலம். கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துப் பூவராகனின் தலையில் வைத்தார். "இவர் முன்னால போவார்."



"நான் மறுபடியும் ஓடிட்டா?" என்று கேட்டார் பூவராகன்.

செங்கமலம் அவருடைய தாடைக்குக் கீழே வாரை இறுக்கினார்.

"நான் உள்ள இருப்பேன்," என்றார்.