இருபத்தாறு பேர் படித்த நோட்டு

"என் நோட்டப் படிச்ச இருபத்தாறு பேரும் பாஸ். நான் மட்டும் பெயில். இது என்ன நியாயம், மேடம்?" என்று ஜெபசீலி கேட்டாள்.

தில்ஷாத் அவளை உட்காரச் சொன்னாள்.

நூலகத்தின் பின்புறம், புத்தகம் பைண்டிங் செய்யும் அறைக்கு அடுத்த சிறிய அறை அது. வேலை பார்த்துவிட்டோ பிள்ளைகளை வளர்த்துவிட்டோ நடுவயதில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்களுக்கு, எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் அறை. தில்ஷாத்துக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு மூத்தவர்கள். ஜெபசீலிக்கு நாற்பத்துநான்கு.

நோட்டு மேஜைமேல் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

தில்ஷாத் புரட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு, அக்கா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"நேத்து சார் என்ன நடத்தினாரு?"

ஜெபசீலி நோட்டை எடுக்கக் கை நீட்டினாள். தில்ஷாத் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"நோட்டு இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

பக்கத்து அறையில் தாள் வெட்டும் இயந்திரம் இரண்டு முறை இறங்கி ஏறியது.

"தெரியல, மேடம்."

"சரி. நாளைக்குப் பேனா இல்லாம கிளாசுக்குப் போங்க."

*

ஜெபசீலி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். இருபத்தொரு வருட சர்வீஸ்.

சுருக்கெழுத்து கற்றுக்கொடுத்த மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: "பொருள்ல நின்னா கை பிந்திரும். காதுல ஏறுனது நேரா விரல்ல இறங்கணும். நடுவுல ஸ்டாப்பிங் கெடயாது."

அவள் நடுவில் நிறுத்தியதே இல்லை. கொலை, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் எல்லாம் காது வழியே வந்து விரல் வழியே போயின. சாயங்காலம் வீட்டில் யாராவது, இன்றைக்கு என்ன கேஸ் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகாதவள். அண்ணன் தம்பிகள் வீட்டில் இருந்தாள்.

சாட்சி வாக்குமூலத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி வரும். 'படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.' அதை அவள் பல்லாயிரம் தடவை எழுதியிருக்கிறாள். ஒருநாள் அந்த வரியை எழுதிவிட்டு, தான் இதுவரை எதைப் படித்தோம் என்று யோசித்தாள். யோசித்த நேரத்தில் நீதிபதி அடுத்த சாட்சிக்குப் போய்விட்டார்.

மறு வருடம் சம்பளமில்லா விடுப்பில் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தாள்.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்தாறு பேரும் எழுந்து நின்று, "குட்மார்னிங் மேடம்" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சிரிப்பு கேட்டது.

அன்றிலிருந்து அதுதான் அவள் பெஞ்சு.

பேராசிரியர் தளவாய் பேசப் பேச எழுதுவாள். விடுதி அறைக்குப் போய் முழு எழுத்தில் பெயர்த்து எழுதுவாள். காலையில் நோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகும். மதியம் திரும்பி வரும். சில நாள் அட்டையில் டீக்கறை இருக்கும்.

வகுப்புக்கு இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. ஒன்றில் அவளும் இருந்தாள்.

*

பேனா இல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டு, அவள் மறுபடி தில்ஷாத்திடம் வந்தாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது, மேடம். நகத்தால தொடைல எழுதிக்கிட்டே இருந்திச்சு."

அவள் காட்டினாள். பருத்திச் சேலையில் வளைவும் கோடுமாகக் கீறல்கள்.

"என்ன எழுதிச்சு?"

ஜெபசீலி குனிந்து தன் சேலையைப் படிக்கப் பார்த்தாள்.

"மடிப்பு விழுந்திருச்சு. தெரியல."

தில்ஷாத் சிரிக்கவில்லை.

"கிளாஸ்ல உங்க பக்கத்துல யாரு உக்கார்றது?"

"என் பை."

"பையத் தூக்கிக் கீழ வைங்க."

"வச்சா?"

தில்ஷாத் அடுத்து வெளியே காத்திருந்தவரைக் கூப்பிட்டாள்.

*

பையைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. பை இருந்தபோது தெரியாத நீளம் பெஞ்சுக்கு இப்போது வந்திருந்தது. அவள் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை மகிஷா வந்தாள். முன்வரிசைப் பெண். வந்த வேகத்தில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"யக்கா, இந்த வாரத்து நோட்டு எங்க?"

"எழுதல."

"வெளையாடாதீங்க."

"நெசமாத்தான். பேனா கொண்டாரல."

மகிஷா முன்வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "ஏல, ஜெராக்ஸ் கடைய மூடியாச்சாம்!"

"போச்சு, நமக்கும் சேத்துச் சங்கு ஊதிட்டாங்க," என்றான் ஒருவன்.

மகிஷா திரும்பினாள். "சரி விடுங்க. வாயால சொல்லுங்க. நேத்து சார் என்ன சொன்னாரு? நான் தூங்கிட்டேன்."

ஜெபசீலி வாயைத் திறந்தாள்.

பேராசிரியரின் குரல் ஞாபகம் வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்தது ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் அவள் முகத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"நானும் தூங்கிட்டேன்," என்றாள் ஜெபசீலி.

"கண்ணத் தொறந்துகிட்டா?"

மகிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளை யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

இதையும் ஜெபசீலி தில்ஷாத்திடம் போய்ச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"போன மாசம்?"

"போன மாசம் யாரும் உக்காரல."

"அப்ப ரெண்டு நிமிஷம் லாபம்," என்றாள் தில்ஷாத்.

ஜெபசீலிக்குக் கோபம் வந்தது. கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

*

தவறியவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 'குடும்பம்' என்ற தலைப்பில் ஐந்து பக்கம் சொந்தமாக எழுதித் தர வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் தராவிட்டால் அடுத்த தேர்வு எழுத முடியாது. பெயரை அடித்துவிடுவார்கள். தவறியது அவள் ஒருத்திதான். ஆகவே அந்த வாய்ப்பும் அவள் ஒருத்திக்குத்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமையே ஐந்து பக்கம் கொடுத்தாள். பேராசிரியர் தளவாய் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நான் பேசுனதும்மா."

"ஆமா சார். ஒரு வார்த்த கூட மாத்தல."

"அதத்தான் சொல்லுதேன். என் பேச்சுக்கு நானே மார்க் போட்டா ஊர்ல சிரிக்க மாட்டானா?"

புதன்கிழமை வேறு ஐந்து பக்கம் கொடுத்தாள். அதுவும் அவர் பேசியதுதான், வேறொரு வகுப்பில். இந்தத் தடவை அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாள்களை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

வியாழக்கிழமை முழுக்க விடுதி அறையில் வெள்ளைத்தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாராவது பேசினால் எழுதிவிடலாம் என்று இருந்தது. வராந்தாவில் பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் பேசியதை எழுதினாள். பிறகு கிழித்துப் போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை தில்ஷாத்தின் அறை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"நான் நின்னுக்கிடுதேன், மேடம். லீவ கேன்சல் பண்ணிட்டு வேலைக்குப் போயிருதேன்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க. வர்ற வழியில ரெண்டு கிலோ உளுந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

தில்ஷாத் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"விலகுறதுக்கு விண்ணப்பம் குடுக்கணுமே."

"அதுல உங்க கையெழுத்து வேணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"விண்ணப்பம் எங்க?"

"இன்னும் எழுதல. என்ன எழுதணும்னு வரல."

"உக்காருங்க," என்றாள் தில்ஷாத். "நான் சொல்றேன். எழுதுங்க."

அந்த வாரத்தில் முதல் தடவையாக ஜெபசீலியின் தோள்கள் தளர்ந்தன. தாளை நேராக வைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

தில்ஷாத் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"மதிப்பிற்குரிய ஐயா. சமூகவியல் துறையில் முதலாண்டு படிக்கும் ஜெபசீலி ஆகிய நான், படிப்பைத் தொடர இயலாத நிலையில் இருக்கிறேன்."

பேனா ஓடியது.

"எனக்கு வயதாகிவிட்டது. பாடம் எனக்குப் புரியாது. புரியும் என்று நினைத்து வந்தது என் தவறு."

பேனா ஓடியது.

"இருபத்தொரு வருடம் எழுதியதில் எனக்கென்று ஒரு வரி கிடையாது. இனிமேலும் இருக்கப்போவதில்லை."

பேனா ஓடியது. ஜெபசீலியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தில்ஷாத் பேச்சை நிறுத்தாமலே, ஜெபசீலி கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த நோட்டை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். குரலை மாற்றாமல், விண்ணப்பத்தின் அடுத்த வரிபோல அதை வாசித்தாள்.

"கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு ஒன்று. அந்த அடுப்பைச் சுற்றியே உறவுகள் அமைகின்றன. உணவும் துயரமும் அங்கே பொதுவானவை."

பேனா ஓடியது.

"ஆகவே பலர் கூடி உண்ணும் வீட்டில், தனிமை என்ற ஒன்று தோன்றுவதே இல்லை."

பேனா நின்றது.

ஜெபசீலி அதைத் தூக்கி முனையைப் பார்த்தாள். மை இருந்தது. தாளில் வைத்தாள். எழுதவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இல்ல, மேடம்... அது அப்படி இல்ல."

"எது?"

"தனிமை தோணாதுன்னு வருதே. அது தப்பு."

தில்ஷாத் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஜெபசீலியின் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"நீங்க எழுதினதுதான்."

"அன்னைக்கு இது என் காதுல விழல."

"என்ன தப்பு இதுல?"

ஜெபசீலி தன் கையெழுத்தையே இன்னொரு தடவை வாசித்தாள். பேசியபோது குரல் அவளுடையது மாதிரி இல்லை. வேகம் குறைந்திருந்தது.

"எங்க வீட்ல ஒரே அடுப்புதான். மூணு அண்ணந்தம்பி குடும்பம், பதினொரு பேரு. ஞாயித்துக்கிழம கோயில்லருந்து வந்து எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் நான் உக்காருவேன். பூனை வந்துருமேன்னு யாராவது அடுக்களைக் கதவ வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிருவாங்க."

"நீங்க?"

"நான் உள்ள சாப்பிட்டுகிட்டு இருப்பேன்."

ஜெபசீலி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கூப்பிட மாட்டேன். எதுக்குக் கூப்பிடணும்? சாப்பிட்டு, ஏனத்தக் கழுவிக் கவுத்திட்டு உக்காந்திருப்பேன். யாருக்காவது தண்ணி தவிச்சா வந்து தொறப்பாங்க."

"தொறந்துட்டு என்ன சொல்வாங்க?"

"'நீ இங்கயா இருந்த?'ம்பாங்க."

அடுத்த அறையில் இயந்திரம் ஓடவில்லை. தாள் ஒட்டும் பசையின் வாசம் மட்டும் வந்தது. மணி பத்தரை.

தில்ஷாத் பாதியில் நின்ற விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். நோட்டை மூடித் தன் இழுப்பறைக்குள் போட்டாள். ஒரு வெள்ளைத்தாளை ஜெபசீலியின் முன்னால் நகர்த்தினாள்.

ஜெபசீலி பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, காதைக் கொடுத்தாள்.

தில்ஷாத் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபசீலி காத்திருந்தாள்.

தில்ஷாத் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கருந்து ஆரம்பிக்க, மேடம்?"

"தாழ்ப்பாள்லருந்து."