தம்பிக்கு வராத சந்தேகம்

மங்களேஸ்வரி டீச்சரிடம் எழுத வந்தவர்களில் கஸ்பார்தான் வயதில் பெரியவர். டீச்சருக்கே நாற்பதுதான் தாண்டியிருந்தது. கஸ்பாருக்கு அறுபது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். நாவல்கள் எழுதினார். எழுத முடியாமல் திணறி வருகிறவர்களை மாடி அறையில் தங்க வைத்துக்கொள்வார். கஸ்பாரை அவரிடம் அனுப்பியது இருவருக்கும் பொதுவான பதிப்பாளர் செண்பகராமன்.

கஸ்பாரின் நாவல் தவக்காலத்தில் நின்றது. கிறிஸ்துமஸ் வந்தும் நகரவில்லை. இடையில் அவருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. முடிக்காமலேயே போய்விடுவோமோ என்ற பயம் வந்துவிட்டது.

வந்த மறுநாள் காலை, சாப்பிடும்போது டீச்சர் கேட்டார். "எந்த இடத்துல நின்னுச்சு?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேர். சேர்ந்து ஒரு படகு வச்சிருக்காங்க. அண்ணன் தனக்குத் தெரியாம அத விக்கப் போறான்னு தம்பிக்குச் சந்தேகம் வருது. அந்த இடம்."

"அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியும் டீச்சர். ஆனா 'தம்பிக்குச் சந்தேகம் வந்தது'ன்னு எழுதுறேன். அடுத்த வரி வரமாட்டேங்குது."

"நீங்க யாரையாவது சந்தேகப்பட்டிருக்கீங்களா?"

கஸ்பார் இடியாப்பத்தைப் பிய்த்தபடி யோசித்தார்.

"இல்ல டீச்சர். அத ஒரு நோயின்னு சொல்லுவா என் வீட்டுக்காரி. கேட்டவங்களுக்கெல்லாம் வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வர்ற ஆளுன்னு."

டீச்சர் சிரிக்கவில்லை. "எழுதினதெல்லாம் எங்க இருக்கு?"

"மேல, மேசையில."

"வேற பிரதி?"

"கிடையாது. கையெழுத்து ஒண்ணுதான்."

"சரி. கொஞ்சம் வெயில் ஏறட்டும். சந்தைக்குப் போயி மீன் வாங்கிட்டு வர்றீங்களா? எனக்குக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் மேல ஒண்ணும் தெரியாது."

டீச்சருக்கு உத்தரகோசமங்கைப் பக்கம். வறண்ட காட்டில் பிறந்தவர். அவருடைய நாவல்கள் எல்லாமே கருவேல மரங்களும் கண்மாயும்தான். கஸ்பார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விளமீன் வாங்கித் திரும்பி மாடிக்குப் போனபோது, மேசையில் தாள்கள் நேராக அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒருநாளும் நேராக அடுக்குகிறவர் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று அடுக்கியிருக்க வாய்ப்பில்லை.

மதியம் கேட்டார். "மாடிக்கு யாரும் வந்தாங்களா டீச்சர்?"

"இந்த வீட்டுக்கு யாரு வரப்போறா?"

கஸ்பார் தலையாட்டினார். படி ஏறும்போதுதான், அது தன் கேள்விக்குப் பதிலே இல்லை என்று தோன்றியது. படியில் நின்றார். சே, என்று சொல்லிக்கொண்டு மேலே போனார்.

அடுத்த வாரம், ஒருநாள் அவர் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தபோது டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் குரல் தாழ்ந்தது. "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். கடைசியாகக் காதில் விழுந்த சொல் 'படகு' மாதிரி இருந்தது. நாகர்கோவிலில் யார் வேண்டுமானாலும் படகு என்று சொல்லலாம். கஸ்பார் அதைத் தனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் டீச்சர் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த அண்ணன் பொண்டாட்டிக்கு ஒரு காது கேக்காதுல்ல?"

கஸ்பாரின் கை தட்டில் நின்றது. "நான் சொன்னேனா?"

"சொல்லலையா?" டீச்சர் அவருக்கு ரசம் ஊற்றினார்.

அவர் சொல்லவில்லை. அது தாளில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பேனாவுக்கு மை வாங்க வடசேரிக்குப் போனார். அங்கே புத்தகக் கடை வைத்திருந்த ஜெபமணி, டீச்சரை நன்றாக அறிந்தவர். பேச்சுவாக்கில் சொன்னார். "டீச்சர் புதுசா ஒரு நாவல் முடிச்சுச் செண்பகராமனுக்கு அனுப்பிட்டாங்களாமே. கடல் கதையாம். கேள்விப்பட்டீங்களா?"

"கடல் கதையா?"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்தீங்களோ?"

கஸ்பார் மையை வாங்க மறந்து திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து தாள்களை மெத்தைக்கு அடியில் வைத்தார். குளிக்கப் போகும்போது கதவைப் பூட்டினார். டீச்சர் டீ கொடுத்தால், தம்ளரைப் பார்க்காமல் கொடுக்கிற கையைப் பார்த்தார். அந்தக் கை நடுங்குகிறதா, நிதானமாக இருக்கிறதா? நிதானமாக இருந்தது. அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒளிக்கிறவருக்குத்தான் இவ்வளவு நிதானம் வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் வேண்டுமென்றே பொய் சொன்னார். "முடிவ மாத்திட்டேன் டீச்சர். தம்பி வெளிநாடு போயிடுறான்."

"நல்லாயிருக்கு" என்றார் டீச்சர்.

உடனே ஒப்புக்கொண்டாரே, ஏன்? நம்பினாரா? நம்பாதது போலத் தெரியக்கூடாது என்று ஒப்புக்கொண்டாரா? அதை யோசித்தபடியே அவர் படி ஏறினார். கதவைச் சாத்தினார். கீழே டீச்சரின் செருப்புச் சத்தம் எங்கே போகிறது என்று ஒரு காது கேட்டுக்கொண்டே இருக்க, பேனாவை எடுத்தார்.

எழுதினார். மறுநாளும் எழுதினார். கீழே கதவு திறந்தால் நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் தொடருவார். கவனமெல்லாம் கீழே இருந்தது. எழுதுகிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. மெத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

பொங்கலுக்கு முந்தின வாரம், அவர் சந்தையிலிருந்து வந்தபோது மாடிக் கதவு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் பூட்டு, அவர் விட்டுப்போன பக்கம் பார்த்து இல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டீச்சரிடம் இன்னொரு சாவி இருக்காதா என்ன?

அவர் மொட்டைமாடிக்குப் போய்ச் செண்பகராமனைப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர் உங்களுக்கு அனுப்பின நாவல், என் கதையின்னு நினைக்கிறேன்."

"நிச்சயமாத் தெரியுமா கஸ்பார்?"

"என் தாள எடுத்துப் படிக்கிறாங்க. அது நிச்சயம்."

"அவங்க நாவல் அச்சுக்குப் போக இருந்தது. நிறுத்தி வைக்கிறேன். நீங்க இதுவரைக்கும் எழுதினத எனக்கு அனுப்புங்க. ரெண்டையும் வச்சுப் பாக்கணும்."

மறுநாள் காலை டீச்சர் எப்போதும்போல டீ கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கஸ்பார் அதை வாங்கிக்கொண்டு மேலே வந்து, குடிக்காமல் ஜன்னலில் வைத்தார். மெத்தைக்கு அடியிலிருந்து தாள்களை உருவினார். செண்பகராமனுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

தம்பி அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். அண்ணி கொடுக்கும் தம்ளரைப் பார்க்காமல் அவள் கையைப் பார்க்கிறான். அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளும்போது ஏன் ஒப்புக்கொண்டான் என்று யோசித்தபடி கரைக்கு நடக்கிறான். படகில் கயிறு சுற்றியிருக்கும் விதம் மாறியிருக்கிறது. அண்ணன் யாரையோ படகுக்குக் கூட்டிவந்து காட்டியிருக்கிறான். அல்லது வெறுமனே கயிற்றை ஒழுங்காகச் சுற்றியிருக்கிறான். தம்பி இரண்டையும் நம்புகிறான். இரவில் மனைவியிடம் பொய் சொல்கிறான், அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

கஸ்பார் படித்துக்கொண்டே போனார். பத்து மாதம் ஒரு வரிகூட வராத இடத்தை நாவல் எப்போதோ தாண்டியிருந்தது. தம்பி மூச்சு விட்டான். தம்பி அவராகவே இருந்தான்.

தாள்கள் நேராக அடுக்கப்பட்டது என்றைக்கு என்று யோசித்துப் பார்த்தார். யாரையாவது சந்தேகப்பட்டிருக்கிறீர்களா என்று டீச்சர் கேட்ட அதே நாள்.

அவர் கீழே இறங்கினார். டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"செண்பகராமன் கூப்பிட்டாரா?"

"நேத்து சாயங்காலமே கூப்பிட்டார்."

"என்ன சொன்னார்?"

"என் நாவல நிறுத்தி வச்சிருக்காராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அது உங்க சொந்தக் கதைதான்னு சொல்லலையா?"

"அவர் அதக் கேக்கல அண்ணாச்சி."

கஸ்பார் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வலி இல்லை, பழக்கம்.

"நான் எழுதினதப் படிச்சுப் பார்த்தேன் டீச்சர். எல்லாம் இந்த வீடுதான். தாள நீங்கதான் அடுக்கி வச்சீங்க. அந்தக் காது விஷயத்த வேணும்னே கேட்டீங்க. எனக்குச் சந்தேகம் வரணும்னுதான் செஞ்சீங்க. அப்படித்தானே?"

டீச்சர் கீரையிலிருந்து ஒரு காம்பை எடுத்துத் தனியே போட்டார்.

"அந்தக் கடல் கதை?" கஸ்பாரின் குரல் இறங்கியது. "அது வேற கதைதானே? இல்ல, நிஜமாவே நீங்க..."

தன் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவது அவருக்கே புதிதாக இருந்தது. இதைக் கேட்கிற ஆளை அவர் வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியாது.

"உங்க பேரு கெட்டுப் போச்சு டீச்சர். என்னால. ஜெபமணி வரைக்கும் விஷயம் போயிருக்கும். என் கதைய எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே செண்பகராமனுக்குப் போன் பண்ணி நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுறேன்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் முறத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று கஸ்பாரும் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாவல் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு அண்ணாச்சி?"

"கிட்டத்தட்ட பாதி."

"தம்பிக்குச் சந்தேகம் எப்பத் தீருது?"

"கடைசியில."

டீச்சர் முறத்தைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எழுதி முடிச்சிட்டு வந்து கேளுங்க."